ஸ்கூட்டரிலிருந்து சைக்கிளுக்கு: அடங்காத ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

டைகர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஆண். முதல்முறை பார்த்தபோது இரண்டு வயதுக்குக் கொஞ்சம் குறைவு, எடை 34 கிலோ. வீடு பல்லடத்துக்குப் பக்கத்தில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டினாற்போல. தறிக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பதால் பகல் முழுக்கச் செயினில்தான் கிடப்பான். இரவில் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். வீட்டுக்காரர் சொன்ன புகார்கள்: ஷிப்ட் மாறும்போது குரைக்க ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, ஆட்கள் மேல் காலைத் தூக்கிப் போடுகிறான், நூல் கோன்களைக் கடித்துக் குதறுகிறான், கேட் கொஞ்சம் திறந்தாலும் வெளியே பாய்ந்து பைக்குகளைத் துரத்துகிறான்.

காவலுக்கென்று இந்த இனத்தை வாங்கிக் கட்டிப்போட்டு வளர்க்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பட்டியல்தான். நான் குறித்துவைத்துக்கொண்டது அவர் கடைசியாகச் சொன்னதை.

“தினமும் வண்டில கட்டி ஓட்டறனுங் தம்பி. போய்ட்டு வந்தா நாக்கத் தொங்கப் போட்டுட்டுப் படுத்துக்குது. அரை மணி நேரம்தானுங். அப்பறம் பாத்தா முன்னைக்கு இப்ப ஆட்டம் ஜாஸ்தி.”

வண்டி என்றால் ஸ்கூட்டர். ஒரு கை ஆக்சிலேட்டரில், இன்னொரு கையில் செயின். நம் ஊரில் விடியற்காலையில் வெளியே வந்தால் இந்தக் காட்சி கண்ணில் படாமல் இருக்காது. ஓட்டுகிறவருக்கு நாய்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை இருப்பதால்தான் தூக்கத்தை விட்டு எழுந்து வருகிறார். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயும் இருந்தது, நோய்க்கான காரணமும் இருந்தது.

முதலில் உடம்புக் கணக்கு. இளம் நாயின் இதயமும் நுரையீரலும் தசையும் கேட்கிற வேலைக்கு ஏற்ப வளர்ந்துகொண்டே போகும். இரண்டு கிலோமீட்டரில் களைத்த நாய், சில வாரங்களில் அதே இரண்டு கிலோமீட்டரை உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் ஓட்டமாக ஆக்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் தூரத்தைக் கூட்டுவார். நாயும் கூட வளரும். கடைசியில் கையில் இருப்பது ஓர் ஓட்டப்பந்தய வீரன். அவனுடைய பழைய பழக்கங்கள் அத்தனையும் அப்படியே இருக்கும், அவற்றைச் செய்ய முன்னைவிட இரண்டு மடங்கு தெம்பும் இருக்கும்.

இரண்டாவது, மனக் கணக்கு. ஸ்கூட்டர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் நாய் நாலுகால் பாய்ச்சலில்தான் போயாக வேண்டும். பாய்ச்சல் என்பது நாய்க்கு வேட்டையின் வேகம், சண்டையின் வேகம். அந்த வேகத்தில் தினமும் ஓட்டிக் களைக்கவைத்தால் உடம்பு படுக்கும், உள்ளே கொதித்தது ஆறாது. இதில் இன்னொன்றும் இருந்தது. பைக்கைத் துரத்தாதே என்று திட்டு வாங்கும் ஒரு நாயை, தினமும் காலையில் இன்ஜின் சத்தத்தின் பக்கத்திலேயே வெறிகொண்டு ஓடப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 28-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: மோட்டார் வண்டியில் இருந்துகொண்டு எந்த விலங்கையும் நடத்திச் செல்லக் கூடாது, சைக்கிளிலிருந்து நாயை மட்டும் நடத்திச் செல்லலாம். விதியை எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, நாய் பழக்குகிற எனக்கு அதில் தெரியும் நியாயம் எளியது. சைக்கிளில் வேகத்துக்கான விலையை மிதிக்கிறவனின் காலும் கொடுக்கிறது. நாய் பின்தங்கினால் அந்த இழுப்பு அடுத்த மிதியிலேயே தெரிந்துவிடும். ஸ்கூட்டருக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கட்டை ஒரு நூல் திருகினால் போதும். நம் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவிலும், விலங்கை அளவுக்கு மீறி ஓட்டுவது குற்றங்களில் ஒன்றாக இருக்கிறது. வண்டிமாட்டுக்கு மட்டும் எழுதிய பிரிவு அல்ல அது.

மருத்துவர் பார்த்தது

முதல் வேலையாக ஸ்கூட்டர் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொன்னேன். அடுத்து கால்நடை மருத்துவர். பயிற்சிக்குக் கூட்டிவருகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை.

பின்னங்கால்களில் பாதத்தின் நடுமெத்தை தேய்ந்து சிவந்திருந்தது. தார் ரோட்டில் பாய்ச்சலில் ஓடி, சடாரென்று நின்று திரும்பும்போது தோல் உரிந்து வரும். இரண்டு விரல்களின் நகங்கள் மேல்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. களைத்த பிறகும் இழுபட்டு, காலைத் தூக்காமல் உரசிக்கொண்டு ஓடியிருக்கிறான் என்பதற்கு அது சாட்சி. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை. நம் பக்கத்தில் இதைப் பார்க்காமல் எந்த நாயையும் ஓட்டப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது. வெளியே தெம்பாகத் தெரியும் நாய்க்கு உள்ளே இரத்தத் தட்டுகளும் சிவப்பணுக்களும் குறைந்திருக்கலாம். ஓட்டத்தில்தான் அது தெரியவரும், தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இடுப்பு எக்ஸ்ரேயில் இடது மூட்டு சற்றுத் தளர்வு. இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலானது. டைகருக்கு இருந்தது லேசான வகை. மருத்துவர் போட்ட எல்லை தெளிவாக இருந்தது: மட்டமான மண் தரையில் நிதான ஓட்டம் நல்லது, தொடைத் தசை ஏறினால் மூட்டுக்கு அதுவே முட்டுக்கொடுக்கும், தார் ரோட்டில் பாய்ச்சல் வேண்டாம், தாண்டுவதும் திடீர்த் திருப்பமும் வேண்டாம், எடை 34-க்கு மேல் ஏற வேண்டாம்.

வயதும் ஒத்துவந்தது. பெரிய இன நாய்களுக்கு எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடி முடிய ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதற்கு முன் சைக்கிளோடு தொடர்ந்து ஓடவைப்பது, கான்கிரீட் காய்வதற்குள் மேல்தளம் கட்டுகிற வேலை. எட்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்து “நல்லா ஓடறானுங்க, ஆரம்பிக்கலாமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓடத்தான் செய்யும், அது அனுமதி ஆகாது.

ஏன் நிதான ஓட்டம், ஏன் இந்த இனத்துக்கு

பயிற்சியாளர்கள் ட்ராட் என்று சொல்லும் ஓட்டத்தில் குறுக்குக் கால்கள் சேர்ந்து நகரும்: முன் இடது, பின் வலது, பிறகு முன் வலது, பின் இடது. முதுகு ஏறி இறங்காது. இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும். நாய் நீண்ட நேரம் குறைந்த செலவில் தாக்குப்பிடிக்கும் நடை இதுதான். நொண்டலைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் நாயை இந்த ஓட்டத்தில்தான் விட்டுப் பார்ப்பார்கள். முன்னங்காலில் வலி இருந்தால், நல்ல கால் தரையில் படும்போது தலை கீழே இறங்கும்; வலிக்கிற கால் படும்போது மேலே எழும்.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த ஓட்டம் பரம்பரை வேலை. வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தில் மந்தைக்கும் பயிருக்கும் நடுவே எல்லைக்கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்து, தானே வேலியாக நிற்பதுதான் அந்த நாயின் ஆதித் தொழில். குதிரைப்படை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஃபொன் ஷ்டெஃபானிட்ஸ் 1899-இல் இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கியபோது வேலை செய்யும் நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அதன் தொடர்ச்சியாக இன்றும் ஜெர்மனியில் இனப்பெருக்கத் தேர்வுக்குப் போகும் நாய் ஒரு தாங்குதிறன் தேர்வைத் தாண்டியாக வேண்டும். ஏ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அது முழுக்கச் சைக்கிள் பக்கத்தில் நடக்கும் தேர்வு.

தூரம் 20 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். நாய்க்குக் குறைந்தது 16 மாதம் ஆகியிருக்க வேண்டும். 8 கிலோமீட்டரில் 15 நிமிட ஓய்வு, அடுத்த 7 கிலோமீட்டர் கழித்து 20 நிமிட ஓய்வு, பிறகு மிச்சமுள்ள 5. ஓய்வுகளில் நடுவர் நாய்களுக்குக் களைப்பு இருக்கிறதா, பாதம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்; தேய்ந்திருந்தால் அங்கேயே வெளியே. மதிப்பெண் கிடையாது, தேறியது அல்லது தேறவில்லை. முதலில் வந்தவன் என்று யாரும் இல்லை. நாய் லேசாக முன்னால் இழுக்கலாம். தொடர்ந்து பின்தங்கக் கூடாது.

இந்த விதிகளைப் படித்துவிட்டு வீட்டுக்காரரின் மகன் உற்சாகமாகிவிட்டான். கல்லூரியில் படிக்கிறவன், கியர் சைக்கிள் வைத்திருக்கிறான், டைகர் சொன்னபடி கேட்கும் ஒரே ஆள். “அண்ணா, பொங்கலுக்குள்ள இருபது அடிச்சுடலாம்ங்ணா!” எனக்கு அந்த இருபதில் ஆசை இல்லை. தேர்வில் நான் எடுத்துக்கொண்டது இரண்டே விஷயம்: வேகத்தின் எல்லை, நடுவில் நிறுத்திப் பாதத்தைப் பார்க்கும் ஒழுங்கு. மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 200 மீட்டர். கியர் சைக்கிள் ஓட்டும் பையனுக்கு அது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவு. அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதுதான் அவனுக்கான பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.

கட்டும் இடம்

கழுத்து பெல்ட்டில் கட்டி ஓடவைக்கக் கூடாது. ஒவ்வொரு இழுப்பும் மூச்சுக்குழாயில் விழும். மார்பையும் தோளையும் சுற்றிவரும், தோள்பட்டை அசைவைத் தடுக்காத ஹார்னெஸ் வேண்டும். கொக்கி முதுகுப் பக்கம்.

அடுத்த முனையை எங்கே கட்டுவது என்பதில்தான் கையும் காலும் முறிகின்றன. ஹேண்டில்பாரில் கட்டினால் நாய் ஓணானைப் பார்த்துத் திரும்பிய கணத்தில் முன்சக்கரம் திரும்பிவிடும். கையில் சுற்றிக்கொண்டால் தோள் மூட்டு நழுவும். இழுப்பு எவ்வளவு தாழ்வாக, பின்சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறதோ அவ்வளவுக்குச் சைக்கிள் சாயாது. இதற்கென்றே சீட்டுக்குக் கீழே மாட்டும் ஸ்பிரிங் வைத்த கம்பி வெளிநாட்டில் கிடைக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குக் காத்திருப்பானேன்? வீட்டுக்காரர் தறிக்குச் சாமான் செய்யும் லேத் பட்டறையிலேயே ஒன்று செய்யச் சொன்னார். சீட் குழாயில் கிளாம்ப், பக்கவாட்டில் நீளும் குழாய், நடுவில் சுருள் ஸ்பிரிங், முனையில் குட்டை வார். நாய் பக்கவாட்டில் இழுத்தால் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். சக்கரத்துக்குள் கால் விடாத தூரத்தில் குழாயே அவனை நிறுத்திவைக்கும்.

பட்டறைக்காரர் முனையில் வெல்டு வைத்த வளையம் போட்டிருந்தார். கழற்றி, ஒரே விரலால் விடுபடும் கொக்கியை மாட்டச் சொன்னோம். நாய் கம்பத்துக்கு அந்தப் பக்கமும் சைக்கிள் இந்தப் பக்கமும் போனால் யோசிக்க நேரம் இருக்காது. சீட்டையும் இறக்கினோம், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும்.

பக்கம்: ஜெர்மனியில் சாலையின் வலப்புறம் ஓட்டுவதால் ஏ.டி. தேர்வில் நாய் வலது பக்கம் ஓடும். நமக்கு இடது. இணையத்தில் வரும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே வலது பக்கம் கட்டி, நாயை லாரிக்கும் தனக்கும் நடுவில் ஓடவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓடாத வாரங்கள்

பாத மெத்தை ஆறும்வரை ஓட்டம் இல்லை. அந்த இடைவெளி பழக்கத்துக்குப் பயன்பட்டது. சைக்கிள் வாசலில் நிற்கும். அதன் இடது பக்கத்தில்தான் டைகருக்குச் சோறு. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது, நாய் இடது பக்கம். சைக்கிள் வேண்டுமென்றே சாய்க்கப்படும், பெல் அடிக்கப்படும், செயின் கடகடக்கும். பயந்து விலகினால் தூரத்தைக் கூட்டி மறுபடி. ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘ஸ்லோ’, ‘நில்லு’ என்ற நான்கு சொற்களை நடையிலேயே கற்றுக்கொடுத்தோம். ஓட்டத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. தெரிந்ததை நினைவூட்டத்தான் முடியும்.

‘ஸ்லோ’தான் கடினமாக இருந்தது. ஸ்கூட்டர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே பாடம், சக்கரம் உருண்டால் பறக்க வேண்டும் என்பது. அதனால் பையன் மிதித்து ஏறியதும் டைகர் பாய்ச்சலுக்குப் போவான். போனதும் பிரேக், இறங்கி நிற்பது, மூச்சு சமமானதும் மறுபடி. திட்டு இல்லை, இழுப்பு இல்லை. பாய்ச்சல் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது, நிதானம் மட்டுமே முன்னே நகர்த்தும் என்பது அவனுக்குப் புரிய வேண்டும். பையனுக்குப் பொறுமை போய்விட்டது. “இப்படியே நின்னு நின்னு போனா விடிஞ்சுரும்ங்ணா” என்றான். விடிவதற்கு முன் கிளம்பியிருந்ததால் அது பிரச்சினையாக இல்லை.

வாய்க்கால் கரை

ஓடுவதற்குத் தேர்ந்தது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன வாய்க்காலின் கரைமேல் போகும் மண்பாதை. தென்னந்தோப்பு நிழல், வண்டி குறைவு, காலுக்கு மெத்தென்ற தரை. வசதிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆபத்து: வாய்க்கால். இந்தப் பாசனத்தில் மண்டலம் மண்டலமாக முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை வந்துவிட்டால் நேற்று காய்ந்து கிடந்த வாய்க்கால் இன்று நிறைந்து ஓடும். சிமென்ட் சரிவு பாசி பிடித்து வழுக்கும்; உள்ளே விழுந்த நாய்க்கு நகம் பிடிக்க இடம் கிடையாது. தண்ணீர் குடிக்கக்கூட அவனை அந்தச் சரிவில் இறக்கக் கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். குடிதண்ணீர் பாட்டிலில் வரும். நிற்கும்போதெல்லாம் சில மடக்கு. வெறும் வயிற்றில் ஓட்டம், வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சோறு. மார்பு ஆழமான இந்த மாதிரி இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்கு அறுவைதான் வழி, அதுவும் மணிக்கணக்கில் காத்திருக்காது.

திட்டம் சாதாரணமானது. முதல் பத்து நிமிடம் நடை. மூத்திரம், மலம், மோப்பம் எல்லாம் அதில் முடிய வேண்டும். பிறகு ஒரு கிலோமீட்டர் நிதான ஓட்டம், நடை, மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி நடந்தே வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள். தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவில்லை. மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாண், மூட்டு, பாதத் தோல் மூன்றும் பின்னால்தான் வரும். நாய் “இன்னும் இன்னும்” என்று கேட்கும் வாரங்களில்தான் காயம் வருகிறது.

பையனை நான் பார்க்கப் பழக்கியது நாயின் காலை. பக்கத்தில் ஓடும்போது நிழல் விழும் பக்கம் பார்த்தால் நடை நன்றாகத் தெரியும். குறுக்குக் கால்கள் சேர்ந்து நகரும்வரை நல்லது. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகர ஆரம்பித்தால் பல நாய்களில் அது களைப்பின் முதல் குறி. வாலாட்டமும் ஆர்வமும் அப்போதும் குறைந்திருக்காது என்பதால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டைகரிடம் இது மூன்று கிலோமீட்டரைத் தாண்டியபோது தெரிந்தது. அன்றைக்கு அங்கேயே நிறுத்தி நடந்து வந்தார்கள். இடுப்புத் தளர்வு உள்ள நாய் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போலத் துள்ளினாலும் அதே முடிவு.

வந்ததும் விரல் இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். கரையில் நெருஞ்சி முள், சீமைக்கருவேல முள். முள் ஏறிய நாய் சிலசமயம் நொண்டாது. வீட்டுக்கு வந்து நக்கிக்கொண்டே இருக்கும், மறுநாள் விரல் வீங்கியிருக்கும்.

சூடும் காற்றும்

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. உடம்புச் சூட்டை வெளியேற்ற வழி, வாயைத் திறந்து இரைத்து ஈரத்தை ஆவியாக்குவது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது. அதனால் வெயில் இல்லை என்பது மட்டும் போதாது. மழை பெய்து நின்ற புழுக்கமான காலையும் ஆபத்தானது. நாயின் இயல்பான சூடு 38-லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். ஓட்டத்தில் ஏறும், நின்றால் இறங்க வேண்டும். 41-ஐத் தாண்டினால் மூளை, குடல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். நாக்கு நீண்டு முனை அகன்று கரண்டிபோல விரிவது, ஈறு செங்கல் நிறமாவது, நிறுத்திய பிறகும் இரைப்பு குறையாதது, கால் பின்னுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடத்திலேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்குவது. ஈரத் துண்டைப் போர்த்திவிடுவது சூட்டை உள்ளேயே அடைக்கும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. சைக்கிள்காரன் இயல்பாக என்ன நினைப்பான்? போகும்போது எதிர்காற்றில் மிதித்துவிட்டால் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். நாய்க்கு இது தலைகீழ். பின்காற்று நாயின் வேகத்திலேயே வந்தால் முகத்தில் காற்றே படாது. நின்ற காற்றில் இரைப்பதற்குச் சமம். உடம்பு சூடேறியிருக்கும் திரும்பும் வழியில்தான் அதற்கு எதிர்காற்று வேண்டும். எனவே கிழக்கே போய் மேற்கே திரும்பும் பாதை. திரும்பும்போது பையன் எதிர்காற்றில் வேர்த்து விறுவிறுத்து மிதிப்பான், டைகர் பக்கத்தில் சுகமாக வருவான். பையன் இதைப் பற்றி என்னிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

மாசி பிற்பாதியிலிருந்து வைகாசிவரை சைக்கிள் ஓட்டமே இல்லை. நடை, தொட்டித் தண்ணீர், மோப்ப விளையாட்டு, அவ்வளவுதான்.

தெருநாய்கள்

இந்தப் பயிற்சியைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ இதுதான் பெரிய தடை. ஓடிவரும் நாயைப் பார்த்தால் கூட்டமாக இருக்கும் தெருநாய்கள் துரத்தும். சைக்கிளில் கட்டப்பட்ட நாய்க்குத் தப்பவும் முடியாது, நின்று பேசவும் முடியாது. பாதையில் எந்தக் கூட்டம் எங்கே படுத்திருக்கும் என்பதை முன்னதாகவே நாய் இல்லாமல் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். அந்த இடங்களுக்கு முன்பே இறங்கி, சைக்கிளை நடுவில் வேலிபோலத் தள்ளிக்கொண்டு நடப்பது. நிற்கும், நடக்கும் நாயை அவை குரைத்துவிட்டு விட்டுவிடும். ஓடும் நாயைத்தான் விடாது.

ஒருமுறை தோப்புக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் எதிர்பாராமல் வந்துவிட்டன. பையன் கொக்கியை விடுவிக்காமல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ஹார்னெஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். சரியான முடிவு. அவிழ்த்திருந்தால் டைகர் சண்டைக்குப் போயிருப்பான், பக்கத்தில் நிறைந்து ஓடும் வாய்க்கால். வெறிநோய்த் தடுப்பூசி டைகருக்குப் போட்டிருந்தது. கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி உடனே ஊசிக்குப் போக வேண்டும் என்பது பையனுக்கும் தெரிந்திருந்தது. தேவைப்படவில்லை.

என்ன மாறியது, எதனால்

தை மாதம் மருத்துவர் மறுபடி பார்த்தபோது பின் தொடைகள் இரண்டிலும் தசை ஏறியிருந்தது, இடது வலது வித்தியாசம் குறைந்திருந்தது, எடை 33. பாதம் கெட்டிப்பட்டிருந்தது. இவற்றைச் சைக்கிளின் கணக்கில் தயங்காமல் எழுதலாம்.

குரைப்பு விஷயத்தில் அப்படி எழுத முடியாது. ஷிப்ட் நேரக் குரைப்பு பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால் நடுவில் இன்னொரு மாற்றமும் நடந்தது: டைகரைக் கட்டும் இடத்தைத் தறிக்கூடத்து வாசலிலிருந்து வீட்டின் பின்பக்கம், வேப்பமர நிழலுக்கு மாற்றச் சொல்லியிருந்தேன். ஆட்கள் வந்துபோவது இப்போது அவன் கண்ணில் படுவதே இல்லை. குரைப்புக்குக் கிடைத்த மருந்து பெரும்பாலும் அந்த வேப்பமரம்தான் என்பது என் கணிப்பு. நூல் கோன் கடிப்பது நின்றதற்கு, மாலையில் கழிவுத் துணிக் குவியலுக்குள் அவனுடைய தீனியை ஒளித்துவைத்துத் தேடவிட்டதும் ஒரு காரணம். இருபது நிமிடம் மூக்கைப் பயன்படுத்தித் தேடிய பிறகு அவன் படுக்கும் விதமே வேறு. ஸ்கூட்டருக்குப் பின் விழுந்து கிடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுக்காரரே கவனித்துச் சொன்னார்.

ஆட்கள் மேல் தாவுவது குறைந்தது. இதில் பங்கு ‘நில்லு’வுக்கும் ‘ஸ்லோ’வுக்கும். சக்கரம் உருளும்போதே தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த நாய்க்கு, ஆள் வரும்போது அடக்கிக்கொள்வது அவ்வளவு தூரமில்லை. சைக்கிள் கொடுத்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது கிலோமீட்டர் அல்ல, இதுதான்.

பைக் துரத்தல் முழுசாக நிற்கவில்லை. சாதாரண பைக் போனால் இப்போது தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. புல்லட் சத்தம் கேட்டால் மட்டும் பழைய டைகர்தான். அதனால் கேட்டுக்கு உள்ளே இன்னொரு குட்டைக் கதவு போட்டாயிற்று.

தூரம் ஏழு கிலோமீட்டரில் நிற்கிறது, நடுவில் ஓர் ஓய்வோடு, வாரத்துக்கு மூன்று நாள். இடுப்பு எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு மருத்துவர் அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை என்றார். எனக்கும் அதே எண்ணம். பையனுக்கு இருபது கிலோமீட்டர் ஆசை இன்னும் போகவில்லை. டைகரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த எக்ஸ்ரே ஐப்பசியில்.